பெண் பிள்ளைகள் பேரிலும் ஒரு அணி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைதான் படிச்சிருக்கேன். மேடையில பேசிப் பழக்கமில்ல. குழுக் கூட்டத்துல தீர்மான நோட்டை வாசிக்கிறதோட சரி. விழாவுல ஏதாவது பேசுன்னு சொன்னப்ப, காளான் வளர்ப்பு, கறவை மாட்டுக் கடன் இப்படி ஏதாவது பேசுவேன்னு எல்லாரும் நினைச்சிருப்பீங்க. கிரிக்கெட் பத்திப் பேசப் போறேன்னு சொன்னதும் தலைவி அக்கா சிரிச்சிட்டாங்க. நீங்களும் சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவாயில்ல. கடைசியில நான் ஒரு தீர்மானம் கேக்கப் போறேன். அதுக்கு மட்டும் சிரிக்காம கை தூக்குங்க.

எங்க வீட்டுல எல்லாரும் மஞ்சள் சட்டைக் கட்சி. சென்னை டீம் விளையாடுற அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் தண்ணி பாய்ச்சக்கூட ஆள் அனுப்பிட்டு டி.வி. முன்னால உக்காந்துடுவார். எங்க அத்தைக்கு தோனி வந்தாப் போதும், மாத்திரை போட மறந்துடுவாங்க. நான் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகிட்டே பாப்பேன். 2023ஆம் வருஷம் ஒரு நாள் என் மக கேட்டா: "அம்மா, மும்பைக்கு பொண்ணுங்க டீம் இருக்கு. பெங்களூருக்கு இருக்கு. டெல்லிக்கு இருக்கு. நம்ம சென்னைக்கு ஏம்மா இல்ல?" எனக்குப் பதில் தெரியல. "போய்ப் படி"ன்னு சொன்னேன். பதில் தெரியாதப்ப நாம எல்லாரும் சொல்றது அதுதானே!

அப்புறம்தான் நானும் அதைக் கவனிக்க ஆரம்பிச்சேன். எனக்குப் புரிஞ்ச அளவுல உங்களுக்கும் சொல்றேன்.

இந்த டீம் எல்லாம் ஊர்ப் பேரைச் சொன்னாலும் ஊர்க்காரங்க நடத்துறது இல்ல. நம்ம ஊர்க் குளத்துல மீன்பாசியைக் குத்தகைக்கு எடுக்கிற மாதிரி, கிரிக்கெட் வாரியத்துக்குப் பணம் கட்டி, இந்த ஊர் பேர்ல டீம் நடத்துற உரிமையைப் பெரிய பெரிய கம்பெனிக்காரங்க எடுக்கிறாங்க. ஆளுக்கு இருபது ஓவர், மூணு மூணரை மணி நேரத்துல ஆட்டம் முடிஞ்சிடும். விளையாடுறவங்களையும் ஏலத்துலதான் எடுக்கணும். நம்ம ஏலச்சீட்டுல தள்ளிக் கேப்போம், அங்க ஏத்திக் கேப்பாங்க. ஒரு டீம் கையில இவ்வளவுதான் பணம் இருக்கலாம்னு ஒரு வரம்பு உண்டு. அதனால பணக்காரன் ஒருத்தனே நல்ல ஆளையெல்லாம் வளைச்சுப் போட முடியாது.

ஆம்பளைங்களுக்கு இது 2008லயே வந்திடுச்சு. பொம்பளைங்களுக்கு வர இன்னும் பதினஞ்சு வருஷம் ஆச்சு. 2023 ஜனவரியிலதான் பெண்கள் லீக்குக்கு ஐந்து அணிகளை ஏலம் விட்டாங்க. மும்பை, பெங்களூரு, டெல்லி, அகமதாபாத், லக்னோ. அஞ்சும் சேர்ந்து சுமார் 4,670 கோடி ரூபாய். மும்பை பெண்கள் அணி மட்டும் சுமார் 913 கோடிக்குப் போச்சு. சென்னை அதுல இல்ல. என் மக கேட்ட கேள்விக்கு இன்னைக்கும் பதில் இல்ல.

நான் இன்னைக்கு மும்பை இந்தியன்ஸ் கதையைத்தான் சொல்லப் போறேன். எங்க வீட்டுக்காரர் இங்க இல்லாததால தைரியமாச் சொல்றேன்! அந்த டீமுக்கு ரெண்டு பிரிவு. ஆம்பளைங்க டீம் அஞ்சு தடவை கோப்பை வாங்கியிருக்கு: 2013, 2015, 2017, 2019, 2020. பொம்பளைங்க டீம் ஆரம்பிச்சு மூணே வருஷத்துல ரெண்டு கோப்பை வாங்கிட்டாங்க, 2023லயும் 2025லயும். ஒரே பேரு, ஒரே நீலச் சட்டை.

2023 மார்ச் 4ஆம் தேதி முதல் ஆட்டம். மும்பைக்கும் குஜராத்துக்கும். அந்த வருஷம் மைதானத்துக்கு வர்ற பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாது, இலவசம். மும்பை கேப்டன் ஹர்மன்பிரீத் கவுர் 30 பந்துல 65 ரன் அடிச்சாங்க. பஞ்சாப்ல மோகாங்கிற ஊர்க்காரங்க. 207 ரன் எடுத்தாங்க மும்பை. குஜராத் 64க்குச் சுருண்டு போச்சு. அதைப் பாத்துட்டு எங்க அத்தை, "இவ்வளவு நாளா இதுகளை எங்கடி வச்சிருந்தாங்க?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வி எனக்குள்ள நின்னுடுச்சு.

ஏன்னா அவங்க எங்கயும் போயிடல. எப்பவும் இருந்தாங்க. பெண்கள் உலகக் கோப்பை 1973லயே நடந்திருக்கு. ஆம்பளைங்க உலகக் கோப்பை 1975லதான். நாம முந்தி! நம்ம நாட்டுப் பெண்கள் 1976லயே டெஸ்ட் ஆடியிருக்காங்க. ஆனா பணம் கிடையாது. ரயில்ல முன்பதிவு இல்லாத பெட்டியில போய், கூடத்துல வரிசையாப் படுத்து எந்திரிச்சு விளையாடினவங்க அவங்க. 2006லதான் கிரிக்கெட் வாரியம் பெண்கள் ஆட்டத்தைத் தன் கையில எடுத்துச்சு. மாதச் சம்பளக்காரங்க மாதிரி வருஷ ஒப்பந்தம் போட்டது 2015லதான். நம்ம சென்னைப் பொண்ணு திருஷ் காமினி 2013 உலகக் கோப்பையில நூறு ரன் அடிச்சாங்க. இங்க இருக்கிற எத்தனை பேருக்கு அந்தப் பேரு தெரியும்? எனக்கே போன வருஷம் வரைக்கும் தெரியாது.

இது நம்ம கதைதான், அக்கா. குழு வர்றதுக்கு முன்னாடி நம்மகிட்ட காசு இல்லாமலா இருந்துச்சு? அரிசிப் பானையில, புடவை மடிப்புல சிறுவாட்டுப் பணம் இருந்துச்சு. கணக்குப் போடத் தெரியாமலா இருந்தோம்? நடவுக் கூலியை முழம் முழமாக் கணக்குப் பண்ணினவங்க நாம. இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான், நம்ம பேர்ல ஒரு கணக்கு. 1989ல தர்மபுரியில மகளிர் குழு ஆரம்பிச்சு, அது ஊர் ஊரா வந்து, நம்ம கையில ஒரு பாஸ்புக் வந்ததும்தான் வங்கிக்காரர் நமக்கும் நாற்காலி போட்டார். பொண்ணுங்க கிரிக்கெட்டும் அப்படித்தான். திறமை சிறுவாடு மாதிரி உள்ளுக்குள்ளயே கிடந்துச்சு. அவங்க பேர்ல ஒரு அணி, அவங்க பேர்ல ஒரு தொகைன்னு ஒதுக்கினதும் வெளியில வந்திடுச்சு.

சமமா ஒதுக்கிட்டாங்களான்னு கேட்டா, இல்ல. அதையும் மறைக்காமச் சொல்லிடறேன். 2023ல ஆம்பளை டீம் ஒண்ணுக்கு ஏலத்துல செலவழிக்க 95 கோடி. பொம்பளை டீமுக்கு 12 கோடி. எட்டுல ஒரு பங்கு. ஆனா நாட்டுக்காக விளையாடுற ஆட்டத்துக்கு மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம்னு 2022 அக்டோபர்ல அறிவிச்சாங்க. டெஸ்டுக்கு 15 லட்சம், ஒரு நாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், இருபது ஓவருக்கு 3 லட்சம். நூறு நாள் வேலையில ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, பண்ணை வேலைக்குப் போனா ரெண்டு கூலி. அந்த மாதிரின்னு வச்சுக்குங்க.

இப்ப அந்த மும்பை டீம்ல இருக்கிற மூணு பொண்ணுங்களைப் பத்தி மட்டும் சொல்றேன்.

ஒருத்தர் சஜனா. கேரளாவுல வயநாடு, மானந்தவாடிப் பக்கம். ஆட்டோ ஓட்டுறவர் மகள். பழங்குடிக் குடும்பம். வயநாட்டுலதான் கபினி ஆறு பிறக்குது. அது வந்து காவிரியில சேருது. நம்ம வயல்ல பாயுற தண்ணியில அந்த ஊரு மழையும் இருக்கு. 2018 ஆகஸ்ட்ல கேரளாவுல பெருவெள்ளம் வந்தப்ப, இங்க நமக்கும் காவிரி கரை புரண்டு, முக்கொம்புல கொள்ளிடம் மதகு உடைஞ்சது ஞாபகம் இருக்கா? அதே வெள்ளத்துலதான் அந்தப் பொண்ணு வீடும் சேதமாச்சு. அந்தப் பொண்ணை மும்பை 15 லட்சத்துக்கு எடுத்தாங்க. 2024 பிப்ரவரி 23, பெங்களூருல டெல்லியோட ஆட்டம். கடைசிப் பந்துல அஞ்சு ரன் வேணும். அப்பதான் சஜனா உள்ள வர்றாங்க. அந்த லீக்ல அவங்க சந்திக்கிற முதல் பந்தே அதுதான். ஏறி வந்து அடிச்சாங்க பாருங்க, சிக்ஸர்! நான் கரண்டியோட கூடத்துக்கு ஓடிவந்துட்டேன். குழம்பு அடிபிடிச்சிடுச்சு.

இன்னொருத்தர் அமன்ஜோத் கவுர். பஞ்சாப்ல மொகாலி. தச்சு வேலை செய்யுறவர் மகள். முதல் மட்டையை அப்பாவே மரத்துல செதுக்கிக் கொடுத்தாராம். மும்பை டீம் 50 லட்சத்துக்கு எடுத்தாங்க. 2025 நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பையில உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்துச்சே, எங்க தெருவே ஒரு வீட்டுல கூடியிருந்து பாத்தோம். நடுராத்திரி வரைக்கும் போச்சு. தென்னாப்பிரிக்கா கேப்டன் நூறு ரன் தாண்டி நின்னு அடிச்சிக்கிட்டிருந்தாங்க. அவங்க தூக்கி அடிச்ச பந்து இந்த அமன்ஜோத் கையில பட்டுத் தவறி, மறுபடி தவறி, கடைசியா ஒத்தைக் கையில அகப்பட்டுச்சு. எங்க தெருவுல போட்ட சத்தத்துல நாயெல்லாம் குரைக்க ஆரம்பிச்சிடுச்சு. 52 ரன் வித்தியாசத்துல ஜெயிச்சோம். கேப்டன் அதே ஹர்மன்பிரீத்.

மூணாவது நம்ம தமிழ்நாட்டுப் பொண்ணு, மதுரைக்காரங்க. கமலினி. இடது கை ஆட்டம், கீப்பிங்கும் செய்வாங்க. 2024 டிசம்பர் ஏலத்துல அடிப்படை விலை 10 லட்சம். ஏறி ஏறி 1 கோடியே 60 லட்சத்துக்கு மும்பை எடுத்தாங்க. அப்ப வயசு பதினாறு! 2025 பிப்ரவரியில பத்தொன்பது வயசுக்குட்பட்டவங்க உலகக் கோப்பையை நம்ம நாடு ஜெயிச்சப்ப, அரையிறுதியில இங்கிலாந்துக்கு எதிரா ஆட்டமிழக்காம 56 ரன் அடிச்சது இந்தப் பொண்ணுதான். அடுத்த மாசமே, மார்ச் 15ஆம் தேதி, மும்பை டீம் டெல்லியை 8 ரன்ல ஜெயிச்சுக் கோப்பை வாங்கினப்ப அந்த டீம்லயும் ஆடினாங்க.

இனிமே நான் சொல்லப் போறது என் வீட்டு விஷயம். சொல்ல வெக்கமாத்தான் இருக்கு.

என் மக எட்டாவது படிக்கிறா. சின்ன வயசுலேருந்தே பசங்களோட கிரிக்கெட் ஆடுவா. அறுப்பு முடிஞ்சு, உளுந்து தெளிக்காத வயல் காஞ்சு கிடக்கும் பாருங்க, அங்கதான் ஆட்டம். தாள் காலைக் குத்தும், அதையும் பாக்கமாட்டா. பந்து போட்டா பசங்களே பயப்படுவாங்க. போன வருஷம் பெரிய மனுஷி ஆனா. சடங்கு சுத்தி முடிஞ்ச மறுவாரம் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கிட்டு வயலுக்குக் கிளம்பினா. வாசல்ல மறிச்சது அவங்க அப்பா இல்ல. அவங்க அப்பாயி இல்ல. நான்தான். "இனிமே பசங்களோட விளையாட்டு கிடையாது"ன்னு சொல்லி, பந்தைப் பிடுங்கி அரிசி டிரம்முல போட்டு மூடிட்டேன்.

அவ அழுதிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். அழல. சண்டையும் போடல. அதுக்கப்புறம் டி.வி.யில கிரிக்கெட் ஓடினா எந்திரிச்சுத் திண்ணைக்குப் போயிடுவா. ஒரு வார்த்தை பேசமாட்டா. தினமும் உலைக்கு அரிசி அளக்கும்போது அந்தப் பந்து என் கையில தட்டும். எடுத்து ஓரமாத் தள்ளிட்டு அரிசியை அள்ளுவேன்.

எனக்கும் ஒரு கதை உண்டு. பள்ளிக்கூடத்துல நான் வளையப்பந்து ஆடினேன். வெளியூர்ப் போட்டிக்கெல்லாம் போய் ஒரு சான்றிதழ் வாங்கியிருக்கேன். டிரங்குப் பெட்டியில கல்யாணப் பத்திரிகையோட கிடக்கு. பத்தாவது முடிச்சதும் நிறுத்திட்டாங்க. யார் நிறுத்தினாங்கன்னு நெனச்சுப் பாத்தா, எங்கம்மாதான். அவங்களுக்கு அவங்கம்மா. இப்ப நான். அந்தந்தக் காலத்துல ஆம்பளைங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே நாமளே கதவைச் சாத்திடறோம்.

அந்த மார்ச் 15 ராத்திரி, மும்பை பொண்ணுங்க கோப்பையைத் தூக்கிறதை நான் மட்டும் பாத்துக்கிட்டிருந்தேன். திண்ணையிலேருந்து ஜன்னல் வழியா என் மக பாத்துக்கிட்டு நின்னா. நான் பாக்கிறது தெரிஞ்சதும், பல மாசத்துக்கப்புறம் முதல் வார்த்தை பேசினா: "அந்த அக்கா மதுரைம்மா." அவ்வளவுதான் சொன்னா. எனக்குத் தூக்கம் வரல. காலையில அரிசி அளக்கும்போது பந்தை எடுத்து முந்தானையில துடைச்சு அவ புத்தகப் பையில வச்சேன். ஒண்ணும் பேசல. அவளும் பேசல. சாயங்காலம் சுவத்துல பந்து மோதுற சத்தம் கேட்டுச்சு.

ஆனா பந்தைக் கொடுத்தா மட்டும் போதுமா? எங்க விளையாடுவா? சாயங்காலம் நாலரையிலேருந்து இருட்டுற வரைக்கும் திடல் முழுக்கப் பசங்கதான். அவங்களைக் குத்தம் சொல்லல. நம்ம பிள்ளைங்கதானே. காலங்காலமா அவங்க பேர்ல இருக்கிற திடல் அது. நான் எங்க குழுவுல பேசி, ஞாயித்துக்கிழமை காலையில ஒன்பது பொம்பளைப் பிள்ளைங்களைச் சேத்தேன். மூணு வாரம் நடந்துச்சு. நாலாவது வாரம் ரெண்டு பேரை வீட்டுல அனுப்பல. போய்க் கேட்டேன். "வெயில்ல கறுத்துப் போவா, யாரு கட்டுவா?"ன்னாங்க. ஏன் அத்தாச்சி, நடவுக்கும் களையெடுக்கவும் நாம குடை பிடிச்சுக்கிட்டா போறோம்? அப்பல்லாம் கறுக்காததா பந்து போட்டாக் கறுத்துடும்? இன்னொரு தாய் கேட்டது நியாயமான கேள்வி. "திடல்கிட்ட கக்கூஸ் இல்ல, ஒதுங்க எங்க போகும் பிள்ளை?" அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அதுக்குத்தான் இங்க வந்து நிக்கிறேன்.

ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். கோடி கிடைக்கும்னு ஆசைப்பட்டு நான் இதைக் கேக்கல. அந்த லீக்ல அஞ்சு டீம். டீமுக்கு அதிகபட்சம் பதினெட்டு பேர். அதுல ஆறு பேர் வரைக்கும் வெளிநாட்டுக்காரங்க வரலாம். மிச்சம் அறுபது எழுபது இடம்தான் இந்தியா முழுக்க. நம்ம பிள்ளைங்கள்ல ஒருத்தி போகலாம், போகாமலும் இருக்கலாம். நான் கேக்கிறது அது இல்ல. ஓடுற வயசுல ஒரு பிள்ளையை நில்லுன்னு சொல்றோம் பாருங்க, அதை நிறுத்தணும். தன் உடம்பு என்னென்ன செய்யும்னு தெரிஞ்ச பிள்ளை நாளைக்கு எந்த வாசல்லயும் தலை குனிஞ்சு நிக்காது. நாம பாஸ்புக் வாங்கினப்ப நமக்கே முதுகு நிமிரல?

அதனால நம்ம கூட்டமைப்பு முன்னால நான் வைக்கிற தீர்மானம் இது.

முதலாவது, வாரத்துல ரெண்டு நாள், ஒரு மணி நேரம் ஊர்த் திடல் பெண் பிள்ளைகளுக்குன்னு ஒதுக்கணும்னு கிராம சபையில நாம எல்லாரும் போய்க் கேக்கணும். ரெண்டாவது, அந்த நேரத்துல குழுவுக்கு ஒருத்தர்னு முறை வச்சு நாமளே திடல் ஓரத்துல உக்காந்திருக்கணும். சந்தா பிரிக்கிற முறை மாதிரிதான், ஒண்ணும் கஷ்டம் இல்ல. மூணாவது, திடல் பக்கத்துல பிள்ளைங்களுக்கு ஒரு கழிப்பறை வேணும்னு எழுதிக் கொடுக்கணும். மட்டையும் பந்தும் பெரிய செலவு இல்ல. எங்க குழு முதல் மட்டையை வாங்கித் தர்றோம்னு போன கூட்டத்துலயே எழுதிட்டோம்.

இப்ப மார்கழி. சம்பா கதிர் வாங்கி நிக்குது. தை, மாசியில அறுத்து முடிச்சதும் வயலெல்லாம் காஞ்சு மைதானமாயிடும். பசங்க ஸ்டம்பு நட்டுடுவாங்க. அதுக்கு முன்னாடி நாம நடணும்.

சென்னைக்குப் பொண்ணுங்க டீம் எப்ப வரும்னு எனக்குச் சொல்லத் தெரியாது. அது முதலாளிங்க கையில இருக்கு. நம்ம ஊருக்கு எப்ப வரும்ங்கிறது நம்ம கையில இருக்கு. சம்மதம்கிறவங்க கை தூக்குங்க அக்கா.